வண்டி மாட்டிக்கிச்சா? முதல்ல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுங்க

பனியில் கார் சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் மணலைத் தூவச் சொல்வார்கள். வடசென்னையில் அந்த மணலே நம்மைச் சிக்க வைக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர் கரையில் மணல். மணலி பக்கம் எண்ணெய் கலந்த சேறு. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி அவசரமாக மூடிய தெருக்களில் திடீர்ப் பள்ளம். ஐப்பசி பிறந்தால் சுரங்கப்பாதையில் தண்ணீர். ஊர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: டயருக்குத் தரையில் பிடி கிடைக்கவில்லை. மிதிக்க மிதிக்க டயர் தன் குழியைத் தானே வெட்டிக்கொள்கிறது. முதல் பத்து விநாடியில் காலை எடுத்தால் அரை அடிப் பள்ளத்தோடு போகும். விடாமல் மிதித்தால் வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்துவிடும்.

காலை எடுத்தாச்சா? நியூட்ரல், ஹேண்ட்பிரேக், ஹசார்டு விளக்கு. இறங்கி ஒரு சுற்று வாங்க. எந்தச் சக்கரம் புதைந்திருக்கிறது, எந்தச் சக்கரம் சுத்துகிறது, அடியில் எங்கே தரை தட்டுகிறது என்று குனிந்து பாருங்க. வண்டியை நகர்த்துவது முன்சக்கரமா பின்சக்கரமா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்விஃப்ட், டிசையர், ஐ10, எர்டிகா எல்லாம் முன்சக்கரம் இழுக்கும் வண்டிகள். ஈக்கோ, பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா, டாடா ஏஸ் பின்சக்கரம் தள்ளும் வண்டிகள். புதைந்த சக்கரத்துக்கெல்லாம் கல் வைத்துக்கொண்டு, சுத்துகிற சக்கரத்தை விட்டுவிட்டால் பாடுபட்டும் பலனில்லை.

சைலன்சர் வாய் மணலிலோ சேற்றிலோ புதைந்திருந்தால் முதலில் அதைத் தோண்டி விடுங்க. அதுவரை என்ஜினை ஓடவிட்டு ஏசியில் உட்காராதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

"சக்கரம் சுத்துது, வண்டி இறங்கிக்கிட்டே போகுது"

காய்ந்த கடல் மணலில் இதுதான் நடக்கும். துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் அரிக்கத் தொடங்கியது. அதனால்தான் எண்ணூர் சாலை நெடுக கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடலுக்குள் நீட்டிய கல்வரிசைகளுக்கு நடுவே ஒதுங்குகிற மணல்தான் நம் பக்கத்துக் கடற்கரை. மேலே பார்த்தால் சமதளமாக இருக்கும், காலடியில் பொதபொதவென்று போகும். பழவேற்காடு பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்தை ஒட்டிய மணலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வந்தவர்கள் "கொஞ்சம் உள்ளே விட்டு நிறுத்திக்கலாம்" என்று இறக்குவார்கள். அங்கேதான் மாட்டும்.

இதற்கு முதல் மருந்து காற்றைக் குறைப்பது. சிறிய கார்களில் டயரின் காற்றழுத்தம் வழக்கமாக 30 முதல் 33 பி.எஸ்.ஐ. இருக்கும். நான்கு டயரிலும் அதை 18 அளவுக்கு இறக்குங்க. வால்வு மூடியைக் கழற்றி நடுவிலுள்ள ஊசியைச் சாவி முனையால் அழுத்தினால் காற்று இறங்கும். அளக்கும் கருவி இல்லையென்றால், டயரின் அடிப்பக்கம் லேசாகப் பிதுங்கும்வரை போதும். காற்று குறைந்த டயர் தரையில் நீளவாக்கில் கூடுதலாகப் படியும். அதே எடை கூடுதல் இடத்தில் பரவுவதால் டயர் புதையாமல் மேலேறும். 15க்குக் கீழே இறக்காதீங்க, வளைக்கும்போது டயர் ரிம்மை விட்டு நழுவிவிடும். காசைக் கொடுத்து நிரப்பிய காற்றை வெளியே விட மனசு வராமல்தான் பலர் ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே நிற்கிறார்கள். கன்டெய்னர் லாரி ஓடுகிற எண்ணூர் சாலையில் பஞ்சர் கடைக்கா பஞ்சம்? மேலே வந்ததும் திரும்ப அடித்துக்கொள்ளலாம். அதுவரை 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீங்க, சட்டென்று திருப்பாதீங்க.

அடுத்தது தோண்டுவது. மம்பட்டி இல்லையா? தட்டு, பக்கெட் மூடி, கை எதுவும் ஆகும். போகவேண்டிய பக்கத்தில் டயருக்கு முன்னால் மணலைச் சரிவாக வாரி எடுங்க. செங்குத்துச் சுவராக விட்டால் டயர் அதில் முட்டி மறுபடி குழி வெட்டும். நாலு சக்கரத்துக்கும் இப்படி வழி வேண்டும், ஓட்டும் சக்கரத்துக்கு மட்டும் செய்தால் மற்ற இரண்டும் இழுத்துப் பிடிக்கும். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் அந்த வழியை நனைத்து விடுங்க. ஈர மணல் காய்ந்த மணலைவிட இறுகி நிற்கும்.

எந்தப் பக்கம் எடுப்பது? பெரும்பாலும் வந்த வழியே பின்னால். நம் டயர் ஏற்கெனவே அழுத்திப் போட்ட தடம் அங்கே இருக்கிறது. முன்சக்கர வண்டி பின்னால் கிளம்பும்போது எடை முன்பக்கம் சாய்வதால் பிடியும் கூடும். ஸ்டியரிங்கை நேராக்கிக்கொள்ளுங்க. திரும்பி நிற்கும் முன்சக்கரம் மணலைத் தள்ளிக்கொண்டுதான் போகும். முன்னால்தான் போகவேண்டும் என்றால் இரண்டாவது கியரில், கிளட்சை மெல்ல விட்டு எடுங்க. முதல் கியரின் இழுவை அதிகம், சக்கரம் சட்டென்று சுழன்றுவிடும். நகர ஆரம்பித்துவிட்டால் கெட்டித் தரை வரும்வரை நிறுத்தாதீங்க, பிரேக்கும் வேண்டாம்.

டயருக்கு அடியில் கொடுக்க கோணி, தென்னை மட்டை, பலகை, காருக்குள் இருக்கும் ரப்பர் மேட் எல்லாம் ஆகும். மேட்டைச் சொருகினால் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, சக்கரம் அதைப் பிடித்து எறிந்துவிடும். கரையில் பழைய மீன்வலை கிடக்கும், "இதைப் போடு சார்" என்று யாராவது கொண்டுவருவார்கள். வேண்டாம். வலை சக்கரத்தோடு சேர்ந்து அச்சில் சுற்றிக்கொண்டால் அதை அறுத்தெடுப்பது தனி வேலை, உள்ளே இருக்கும் ரப்பர் உறையையும் கிழித்துவிடும்.

தள்ள ஆள் கிடைத்தால் நல்லது. கரையில் மீனவ அண்ணன்மார் நாலு பேர் இருந்தால் கேளுங்க, வருவார்கள். படகைக் கரையேற்றுகிறவர்களுக்கு எப்போது சேர்ந்து தம் கட்டுவது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பம்பரையோ பின் கண்ணாடியையோ தள்ளாமல், கதவைத் திறந்து கதவுத் தூணில் கை வைத்துத் தள்ளச் சொல்லுங்க. சுத்துகிற சக்கரத்துக்கு நேர் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது.

அலை வந்து தொடும் ஈரத் தரை கெட்டியாக இருக்கிறதே என்று அங்கே இறக்குவது வேறு வம்பு. நின்றுகொண்டிருக்கும் டயரைச் சுற்றி ஒவ்வொரு அலையும் மணலை அரித்துக்கொண்டு போகும். அங்கே சிக்கினால் காற்றை இறக்கிப் பார்க்கும் நேரம்கூட இருக்காது, உடனே கயிறும் ஆளும் கூப்பிடுங்க. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் இந்தக் கரையில் மணலுக்குள் முட்டையிடும் காலம். அப்போது மணலில் வண்டியை இறக்கவே இறக்காதீங்க.

"ஒரு சக்கரம் மட்டும் பேயா சுத்துது, எதிர்ப்பக்கம் சும்மா நிக்குது"

நம் பகுதியில் மழைக்காலத்தில் அதிகம் நடப்பது இதுதான். தோண்டிய வடிகால் பள்ளத்தை இறுக்காமல் மண்ணைப் போட்டு மூடியிருப்பார்கள், மேலே ஜல்லி தூவி ரோடு போலத்தான் தெரியும். ஒரு மழை பெய்தால் உள்ளே இருக்கும் மண் கரைந்து இறங்கும். ஒதுங்கி வழிவிடுகிறோம் என்று இடப்பக்கச் சக்கரத்தை அதில் வைத்தால் முடிந்தது.

இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல், சுத்துவதற்கு எது எளிதோ அதைத்தான் சுத்தவிடும். அதனால் சகதியிலோ அந்தரத்திலோ இருக்கும் சக்கரம் சுழல்கிறது, கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கு வண்டியை இழுக்கிற அளவு விசை போய்ச் சேரவில்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சும்மா சுத்தும் சக்கரத்துக்குக் கொஞ்சம் தடை கொடுத்தால்தான் மறுபக்கத்துக்கு விசை போகும்.

பின்சக்கர வண்டியில் இது எளிது. ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைப் பிடிப்பதால் அதை ஓரிரு பல் ஏற்றிவிட்டு, மெல்லக் கிளட்சை விடுங்க. முன்சக்கர வண்டியில் ஹேண்ட்பிரேக் உதவாது, வண்டியை இன்னும் இழுத்துப் பிடிக்கத்தான் செய்யும். அதில் ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்துக்கொண்டே இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வைக்கலாம். கியரில் கிளட்சை முழுக்க விட்ட பிறகுதான் இது முடியும், பழக்கமில்லாதவர்கள் முயல வேண்டாம். வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்பி உள்ள புது வண்டிகள் பல இந்த வேலையைத் தாமே செய்யும். சக்கரத்தில் கடகடவென்று சத்தம் வந்தால் பயப்படாமல் இரண்டு மூன்று விநாடி அப்படியே பிடித்திருங்க.

அதிலும் வரவில்லையென்றால் ஜாக்கி. பள்ளத்தில் இருக்கும் சக்கரத்தைத் தூக்கி அடியில் செங்கலும் ஜல்லியும் போட்டு இறக்குவதுதான் நிச்சயமான வழி. நாலு பேர் தள்ளுவதைவிட நாலு செங்கல் அதிகம் உதவும் என்பது என் கணிப்பு. ஜாக்கியின் அடியில் அகலமான பலகை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்க. ஜாக்கி ஏற்றிய வண்டிக்குக் கீழே தலையோ தோளோ போகக் கூடாது. கல்லைக் குச்சியால் தள்ளி வைத்தால் போதும்.

கல் போடும் முன் ஒரு கழியால் பள்ளத்தைத் தட்டிப் பாருங்க. கழி இறங்கிக்கொண்டே போனால் அடியில் ரோடே உள்வாங்கியிருக்கிறது. எல்லாரும் வண்டியைவிட்டு இறங்கித் தள்ளிப் போய் மாநகராட்சியின் 1913க்குக் கூப்பிடுங்க. கடப்பாரை போட்டு நோண்டாதீங்க, சென்னையில் மின்கேபிள்கள் பல தெருக்களில் தரைக்கு அடியில்தான் போகின்றன.

"மிதிச்சாலும் என்ஜின் ஏறவே மாட்டேங்குது"

மீட்டரில் வண்டி சறுக்குவது போன்ற ஒரு மஞ்சள் விளக்கு மினுக்குகிறதா? அது டிராக்‌ஷன் கன்ட்ரோல். சக்கரம் வீணாகச் சுழல்வதைக் கண்டதும் என்ஜினை அடக்குகிறது. தார் ரோட்டில் அது உயிர்காக்கும். மணலிலோ கொழகொழச் சேற்றிலோ கொஞ்சம் சுழற்சி இல்லாமல் வண்டி கிளம்பாது. பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு முயலுங்க. சில வண்டிகளில் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்க.

விளக்கு இல்லாமல் என்ஜின் நின்று நின்று போனால் ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கிறதா, சக்கரத்துக்கு முன்னால் கல் முட்டியிருக்கிறதா என்று பாருங்க. பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

"ரெண்டு சக்கரமும் லேசா சுத்துது, ஆனா வண்டி தரையில உட்கார்ந்திருக்கு"

வயிறு தட்டிவிட்டது. கோபத்தில் மிதித்தவர்கள் வந்து சேரும் இடம் இது. இங்கே ஆள் பலம் செல்லாது, வண்டியின் எடை டயரில் இல்லை, அடித்தட்டில் இருக்கிறது. சாமான்களையும் ஆட்களையும் இறக்குங்க. அடியில் இருக்கும் மண்ணை நீளமான பலகையாலோ மம்பட்டிப் பிடியாலோ பக்கவாட்டிலிருந்து வாரி எடுங்க. பிறகு ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் நிரப்புங்க. பொறுமையான வேலை, குறுக்குவழி கிடையாது.

அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்த இடங்களில் இது அடிக்கடி நேரும். மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும், அடியில் இளகிக் கிடக்கும். அங்கே ஜாக்கியும் நிற்காது. ரிக்கவரி வண்டியை அழைத்துவிடுங்க.

"குழி விழல, ஆனா வழுக்கிக்கிட்டே இருக்கு"

களிமண்ணும் எண்ணெய்ச் சகதியும் செய்யும் வேலை. மணலியும் எண்ணூரும் எண்ணெய் புழங்கும் மண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வற்றிய லாரி ஷெட் வாசல்களில் சோப்பு நுரை மேல் நிற்பது போலத்தான் வண்டி நிற்கும்.

டயரின் வெட்டுகளைப் பாருங்க. சேறு அடைத்து மொழுக்கென்று ஆகியிருந்தால் எந்த டயரும் பிடிக்காது. குச்சியால் கிளறி எடுத்துத் துணியால் துடையுங்க. டயருக்கு முன்னால் ஜல்லி, செங்கல் தூள், ஓட்டுச் சில் எதையாவது நெருக்கமாகப் பரப்புங்க. இந்த இடத்தில் மட்டும் மணலும் நமக்கு நண்பன்தான்.

பிறகு ஊஞ்சலாட்டம்: முன்னால் கொஞ்சம், ரிவர்ஸில் கொஞ்சம், வண்டி ஆடும் தாளத்தோடு சேர்ந்து. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சாண் கூடுதலாக நகர்ந்தால் வழி சரி. நகரவில்லையென்றால் உடனே நிறுத்துங்க. கிளட்ச் கருகும் நாற்றம் வந்துவிட்டால் என்ஜினை அணைத்து அரை மணி நேரமாவது விடுங்க. ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்த ஆட்டம் கியர்பாக்ஸ் ஆயிலைச் சூடேற்றிவிடும், கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கிளட்சை இயக்கும் ஏஎம்டி வண்டியில் கிளட்சையே தின்னும். இரண்டிலும் வண்டி முழுக்க நின்ற பிறகே கியரை மாற்றுங்க. சில முறைக்கு மேல் வேண்டாம்.

"ஒரு சக்கரம் கால்வாய்க்குள்ள தொங்குது"

எதுவும் செய்யாதீங்க. மேட்டுப் பக்கக் கதவு வழியாக ஒவ்வொருவராக இறங்குங்க. வடிகாலின் பக்கச்சுவர் காரின் எடையைத் தாங்கக் கட்டியதல்ல, நீங்கள் ஆட்ட ஆட்ட அதுவும் உடையும். இதற்குக் கிரேன்தான். பக்கிங்காம் கால்வாய் ஓரமென்றால் இரட்டிப்பு எச்சரிக்கை.

"தண்ணிக்குள்ள நின்னுடுச்சு"

திரும்ப ஸ்டார்ட் செய்யாதீங்க. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்க. காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சாவியைத் திருப்பினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், அத்தோடு என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். வெள்ளச் சேதத்தை முழுக் காப்பீடு ஏற்கும். தண்ணீர் புகுந்த என்ஜினைக் கிளப்பியதால் வந்த சேதத்தை, என்ஜின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் தவிர, பெரும்பாலும் ஏற்காது.

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையும், திருவொற்றியூர் மாணிக்கம் நகர் சுரங்கப்பாதையும் தேங்கினால் எப்படி இருக்கும் என்று இங்கே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். முன்னால் போகும் வண்டியின் சக்கரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்க. பஸ் போகிறதே என்று பின்னால் போகாதீங்க, அதன் அலைதான் உங்கள் பானட்டுக்குள் புகும். உள்ளே நின்றுவிட்டால் ஜன்னலை இறக்குங்க, மின்சாரம் போன பிறகு கண்ணாடி இறங்காது. வெளியே வந்து நியூட்ரலில் மேட்டுக்குத் தள்ளுங்க. ஓரத்தில் நிற்கும் மின்வாரியப் பெட்டியிலோ கம்பத்திலோ கை வைக்காதீங்க. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

கயிறு கட்டி இழுக்கும்போது

ஸ்டெப்னி வைத்திருக்கும் இடத்தில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். பம்பரில் சின்ன மூடியைக் கழற்றினால் அதை முறுக்கும் துளை தெரியும். கடைசிவரை முறுக்குங்க, பாதியில் விட்டால் பிய்த்துக்கொண்டு பறக்கும். பம்பரிலோ சஸ்பென்ஷன் கையிலோ கயிறு கட்டாதீங்க.

காசிமேட்டில் தடிமனான நைலான் கயிறு கிடைக்கும். நைலான் இழுபடும், அறுந்தால் அதே விசையோடு திரும்ப அடிக்கும். கயிற்றின் நடுவே நனைந்த கோணியைப் போடுங்க, கயிற்றின் நீளத்துக்கு ஒன்றரை மடங்காவது தள்ளி ஆட்களை நிறுத்துங்க. கன்டெய்னர் லாரி டிரைவர் அண்ணன் இரக்கப்பட்டு "நான் இழுக்கிறேன்" என்றால், கயிறு விறைத்த பிறகுதான் இழுக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்க. அந்த வண்டிக்கு நம் கார் பின்னால் இருப்பதே தெரியாது, வெடுக்கென்று கிளம்பினால் வளையம் கையோடு வந்துவிடும். எலக்ட்ரிக் காரையும் முன்சக்கர ஆட்டோமேட்டிக்கையும் புதைவிலிருந்து வெளியே எடுக்கும் அளவுக்குத்தான் கயிற்றில் இழுக்கலாம். அங்கிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு தட்டு லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும்.

இமாச்சல மணாலிக்குப் போகிறவர்களுக்கு மட்டும்

2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்த பிறகு லாகௌல் பனிவரை வாடகைக் காரை ஓட்டிப் போகிறார்கள். அங்கே சிக்கினால் தோண்டுவது, ஸ்டியரிங்கை நேராக்குவது, இரண்டாவது கியர், ஊஞ்சலாட்டம் எல்லாம் இதேதான். வித்தியாசம் இரண்டு. சக்கரம் சுழன்றால் டயரின் சூட்டில் பனி உருகி, மறுபடி உறைந்து வழுக்குப் பாளமாகிவிடும், ஆகவே அங்கே இன்னும் மெல்ல. காற்றை இறக்குவதைவிட மணலும் சக்கரச் சங்கிலியும் அங்கே உதவும். சைலன்சரைப் பனி மூடியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்க.

"வெளியே வந்தாச்சு, ஆனா ஸ்டியரிங் ஆடுது"

ரிம்முக்குள் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கும். அலைன்மென்ட் போச்சு என்று கடைக்கு ஓடும் முன், சக்கரத்தின் உள்பக்கத்தையும் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்க. முக்கால்வாசி அதிலேயே நின்றுவிடும். நிற்கவில்லையென்றால்தான் அலைன்மென்ட்.

ரோட்டில் ஏறியதும் மெதுவான வேகத்தில் பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பாருங்க, நனைந்த பிரேக் முதலில் பிடிக்காது. கடல் மணலிலிருந்து வந்த வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பாகம் முழுக்கக் கழுவ வேண்டும், உப்பு ஒரு வாரத்துக்குள் நட்டு போல்ட்டில் வேலையைக் காட்டும். இரண்டு நாள் கழித்துப் பின்சக்கரத்தில் கரகரவென்று சத்தம் கேட்டால் டிரம்முக்குள் மணல் போயிருக்கிறது. மெக்கானிக்கிடம் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, லைனிங்கையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்க.